இடப்பக்கம் நின்றவள்

என் தொழில் மூக்குக்கண்ணாடி. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் உலகம் தெரிகிறது. மீதிப் பேர் கொடுத்து வைத்தவர்கள். என்னுடைய கண்ணாடிக்கே ஒரு கால் உடைந்து, நூல் சுற்றி ஒப்பேற்றி நாலு வருஷமாகிறது. அதைப் பார்த்த பிறகும் என்னிடம் கண்ணாடி வாங்க வருகிறார்கள் என்றால் அது நம்பிக்கையா, பார்வைக் கோளாறா என்று நான் ஆராய்ந்ததில்லை. பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கடையை ஒட்டி லாண்டரி. நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் துணி உலர்த்தும் இயந்திரத்தைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதனால் மழைக்காலம் முழுக்க என் முதுகுக்கு இலவசமாகச் சூடு கிடைக்கும். நான் கல்யாணம் ஆகாதவன். என் வாழ்க்கையில் நிலையாகக் கிடைத்த ஒரே கதகதப்பு இந்தச் சுவர்தான் என்று ஒரு நாள் சொன்னேன். "அப்ப சுவத்தையே கட்டிக்கோங்க தம்பி. எதிர்த்துப் பேசாது, அது ஒண்ணுதான் உங்களுக்குத் தோது" என்றாள் லாண்டரி அண்ணி.

அண்ணனும் அண்ணியும் எனக்கு ரத்த உறவெல்லாம் இல்லை. பக்கத்துக் கடை உறவு. அது ரத்த உறவைவிட உறுதியானது. கடன் கேட்டால் சுவரிலேயே கேட்டுவிடும்.

லாட்ஜ் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு என்று நாளுக்கு நூறு, நூற்றிருபது வரும். விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மடித்தால் அதற்குப் பெயர் மூட்டை. அண்ணன் இரண்டு முனையைப் பிடிப்பார், எதிரே அண்ணி இரண்டு முனையைப் பிடிப்பாள். ஓர் உதறல். நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு அண்ணி தன் முனைகளோடு நடந்து வந்து அவர் கையில் சேர்ப்பாள். குனிந்து தொங்கும் மடிப்பை எடுத்து மறுபடி அவர் கையில் சேர்ப்பாள். ஒரு விரிப்புக்கு இரண்டு தடவை கை தொடும். வியாபாரம் இல்லாத ஒரு மத்தியானம் நான் பெருக்கிப் பார்த்தேன்: நாளுக்கு இருநூற்று நாற்பது தடவை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கே அது அதிகம்.

மடிக்கும்போதெல்லாம் சண்டையும் நடக்கும். "இந்த ஆவியில மனுஷி வெந்து சாகணுமா? நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்பாள். "போயேன், யாரு இங்க புடிச்சு வச்சிருக்கா?" என்பார் அவர், விரிப்பின் மறுமுனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. அந்தப் 'போயேன்' ஒரு முழ நீளம் இருக்கும். அதில் ஓர் இழுப்பு, ஒரு வளைவு, கடைசியில் ஒரு சிரிப்பின் வால். எழுதிக் காட்ட முடியாது.

காலையில் கடை திறந்ததும் நான் தலையை நீட்டி, "என்னண்ணே, அண்ணி கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்களாமே?" என்பேன். அண்ணி பக்கத்திலேயேதான் நிற்பாள். "போனாப்பா. பஸ்ஸுல ஏத்தலையாம். வாய்க்குத் தனியா டிக்கெட் எடுக்கச் சொன்னாங்களாம், திரும்பி வந்துட்டா" என்பார். தினம் ஒரு பதில். இருபது வருஷத்தில் ஒரு பதிலைக்கூட அவர் இரண்டாம் முறை சொன்னதில்லை. நான் கேள்வியை மாற்றியதே இல்லை. திறமைசாலி யார் என்று தெரிகிறதல்லவா?

அந்த மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். "முனையப் புடிங்க" என்று அண்ணி கத்துவது சுவர் வழியே கேட்டது. கொஞ்ச நேரத்தில், "மறுபடி கீழ போட்டீங்க. நீங்களே துவைங்க, எனக்கென்ன." நானும் இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டேன். மூன்றாம் தடவை அவள் கத்தவில்லை. "தம்பி" என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. கடைக்கு வந்திருந்த ஒருவர் மூக்கில் கண்ணாடிச் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணன் நின்றுகொண்டுதான் இருந்தார். வலது கையில் விரிப்பின் ஒரு முனை. இடது கை சும்மா தொங்கியது. அந்தப் பக்கம் வாயோரம் இறங்கியிருந்தது. ஈரத் தரையில் கிடந்த மறுமுனையை அவர் பார்க்கவே இல்லை. "புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

தலைக்குள் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இருபத்து நாலு நாள் கழித்து, ஊன்றுகோலோடு நடந்தே வீட்டுக்கு வந்தார். பேச்சுப் போகவில்லை. எந்த லாட்ஜுக்கு எத்தனை தலையணை உறை பாக்கி என்பதுவரை ஞாபகமாகச் சொன்னார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "பேச்சு நல்லா இருக்கே, அப்புறம் என்ன" என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

பேச்சுதான் நன்றாக இருந்தது. வலப்பக்கம் மட்டும் சவரம் செய்துகொண்டு, முடிந்தது என்று எழுந்துவிடுவார். தலையில் வலப்பாதியைச் சீவுவார். தட்டில் வலப்பக்கத்துச் சோறு மட்டும் காலியாகும். சும்மா உட்காரமாட்டேன் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். லாட்ஜ் மேனேஜர் அவர் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து காட்டினார். ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் மூணு நாள் குடித்தவன்.

அண்ணி என் கடைக்கு வந்தாள். "கண்ணுலதான் என்னமோ தம்பி. இடப்பக்கம் தெரியல அவருக்கு. ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்களேன்."

கண்ணாடிக்காரனிடம் உலகத்தின் எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்துதான் இருக்கிறது. எழுத்துப் பலகையை வைத்துச் சோதித்தேன். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகப் பொடி எழுத்துவரை படித்தது, ஆனால் ஒவ்வொரு வரியிலும் பின்பாதியை மட்டும். விவரமானவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் இரண்டு நாள் யோசித்து, இடப்பக்கம் மட்டும் கனமான லென்ஸ் போட்டு ஒன்று தயாரித்தேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"கனமா இருக்கு."

"இடப்பக்கம் தெரியுதா?"

"எந்த இடப்பக்கம்?" என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து அவருக்குக் கை கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்த பெண். இருபத்தைந்து வயதிருக்கும். நான் மரியாதையாக 'மேடம்' என்பேன். அவள் என்னை 'அங்கிள்' என்பாள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அண்ணன் மூக்கில் என் தயாரிப்பைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "மொதல்ல இதக் கழட்டுங்க அங்கிள். கண்ணுல ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"தலைக்குள்ள ரெண்டு பக்கம் இருக்கு. இடப்பக்கம் பெரும்பாலும் பேச்சு, எழுத்து, பேரு. வலப்பக்கம் எடம், தெச, மூஞ்சி. ஒருத்தர் பேசறப்ப குரல் ஏறுதா எறங்குதா, கோவமா வெளையாட்டான்னு புடிக்கறதும் அதிகம் அந்தப் பக்கம்தான். கறாராப் பிரிச்சுட முடியாது, எந்த வேலைன்னாலும் ரெண்டும் சேந்துதான் செய்யும். நடுவுல தடியா ஒரு நரம்புக் கத்தை இருக்கு, அது வழியா ஓயாம சேதி போகும், வரும்."

அண்ணி தலையணை உறையை உதறியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு ஆளு வேலைன்னு சொல்லுங்க."

"அதேதான் ஆன்ட்டி. இப்ப ஒரு ஆளு படுத்துட்டாரு. இன்னொரு ஆளு, தான் தனியா மடிக்கறோம்ங்கறதே தெரியாம மடிச்சுக்கிட்டிருக்காரு. வலப்பக்கம் அடிபட்டா இடப்பக்கத்து உலகம் கணக்குலயே வராது. இருட்டாத் தெரியாது. இல்லவே இல்லைன்னு ஆயிடும்."

"சரியாகுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா ஆகும். ஆனா நீங்க ஒண்ணு செய்யணும். அவரு கண்ணுல படணும்னு எப்பப் பாத்தாலும் வலப்பக்கமா ஓடி ஓடி நிக்கறீங்க. அப்படி நின்னா அவரு தேடவே மாட்டாரு. இடப்பக்கம் உக்காருங்க. தேடட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"தேடிக் கண்டுபுடிக்கற வரைக்கும்."

அண்ணியால் அரை நிமிஷம் தாங்க முடியவில்லை. அவர் முன்னால் பார்த்துக்கொண்டு "அவ எங்க?" என்று கேட்டதும், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு ஓடி, "இதோ இருக்கேன், இங்கதானே இருக்கேன்" என்று வலப்பக்கம் நின்றுவிடுவாள். "அவரு முழிக்கறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க நான் என்ன கல்லா?"

அவளை அரித்தது அது மட்டும் இல்லை. அவருடைய குரல். முழ நீளத்துக்கு இழுத்துப் பேசிய மனுஷன் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் பேசினார். சோறு குடு. மழை பெய்யுது. கால் வலிக்குது. எல்லாம் ஒரே மட்டம், கஞ்சி போட்டுத் தேய்த்த மாதிரி. ஒரு சாயங்காலம் அண்ணி என் கடை வாசலில் வந்து நின்றாள். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

"'நீ மெலிஞ்சுட்ட'ன்னாரு தம்பி."

"நல்ல சேதிதானே அண்ணி."

"முப்பது வருஷத்துல மொதல் தடவ. ஆனா 'சோப்புத் தீந்துடுச்சு'ன்னு சொல்றாப்புலயே சொன்னாரு. நான் சந்தோஷப்படறதா, சோப்பு வாங்கப் போறதா?" சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் மழையைப் பார்த்தாள். "சமைச்சுப் போடறேன், குளிப்பாட்டறேன், மாத்திரை குடுக்கறேன். அதெல்லாம் எனக்குப் பாரமே இல்ல. என்கூடச் சண்டை போட ஆளில்ல, அதுதான். வாயத் தொறந்து ஏதாவது வம்புக்கு இழுத்தா, 'அப்படியா'ங்கறாரு. வீட்டுக்குள்ளயே அவரு இருக்காரு, எனக்கு அவரு ஞாபகமாவே இருக்கு."

அவள் கேட்டது அவ்வளவுதான். இந்த மனுஷனுக்குள்ளே தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா இல்லையா. அதற்கு என்னிடம் லென்ஸ் இல்லை. ஆனால் நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்கு வராத தொழில்.

மறுநாள் காலை. மழை விட்டு, கம்பிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மேசையில் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம், ஒட்டினாற்போல அண்ணி நின்று உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் பெண் சொன்னபடி பிடிவாதமாக நின்றாள் என்பது அவள் உதட்டைக் கடித்திருந்ததிலேயே தெரிந்தது. பழையபடி இரண்டு வார்த்தை பேசினால் மனுஷனுக்கு ஏதாவது திரும்பி வரும் என்று எனக்கு ஒரு நப்பாசை. தலையை நீட்டினேன்.

"என்னண்ணே, அண்ணி கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்களாமே?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவர் யோசித்தார்.

"அப்படியா?"

ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். "ஆமாண்ணே, நேத்தே."

"சரி. லாட்ஜ் விரிப்பு நாளைக்குக் குடுக்கணும். மடிக்க ஒரு ஆளு பாக்கணும்" என்றார் வானிலைக் குரலில். பெட்டி மறுபடி நகர்ந்தது.

அண்ணியின் கை உறைமேல் அப்படியே நின்றது. நான் வாயைத் திறந்தேன். அவள் விரலை உதட்டில் வைத்தாள். காத்திருந்தாள். காலர் முடிந்தது. வலது தோள் முடிந்தது. வலது கை முடிந்தது. சட்டையின் நடுக்கோட்டோடு பெட்டி நின்றது. வேலை முடிந்தது என்று சட்டையை எடுத்து வைத்தார். ஒரு வார்த்தை இல்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணி, நான் வெளையாட்டுக்குத்தான்..."

"தெரியும் தம்பி. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"அவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்யலைன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சுல்ல? வெளையாட்டுப் புரியாது, குரல்ல ஒண்ணும் வராதுன்னு..."

"வெளையாட்டுப் புரியல, சரி. குரல் போச்சு, சரி. அப்ப நெசம்னுதானே நெனச்சாரு? நெசமா நான் போயிட்டேன்னு நெனச்ச மனுஷன், ஏன் போனா, எப்ப வருவான்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா? வார்த்தை பூராப் பத்திரமா இருக்குன்னுதானே சொன்னாங்க?"

ஊரிலேயே வாயாடி என்று பெயர் எடுத்தவன் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். மாத்திரைச் சீட்டை என் சட்டைப் பையில் செருகினாள். "நீங்க சொன்னது பொய்யா இருக்க வேணாம். வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, மஞ்சள் பின்னாடி. வெந்நியத் தொட்டுப் பாத்து ஊத்துங்க, சூடு அந்தப் பக்கம் அவருக்கு ஒறைக்காது. அவரு என்னைத் தேடினாருன்னா சொல்லி அனுப்புங்க."

"தேடலைன்னா?"

"அப்ப மடிக்க ஆளு பாருங்க."

என் கடைக்குப் பூட்டுப் போட்டேன். அவரைக் குளிப்பாட்டினேன், முட்டை அவித்தேன், சோறு வடித்தேன், கொஞ்சம் கையிலும் வடித்துக்கொண்டேன். அவரோடு சேர்ந்து விரிப்பு மடித்தேன். அதாவது மூன்று முனையை நான் பிடித்தேன். நாங்கள் அனுப்பிய கட்டைப் பார்த்துவிட்டு லாட்ஜிலிருந்து ஆள் வந்து, இதற்குள் யாராவது படுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனான். அண்ணி நாளைக்கு மூன்று தடவை போன் செய்தாள். வெள்ளை மாத்திரை ஆச்சா, மஞ்சள் ஆச்சா, வெந்நி சரியாக இருந்ததா. வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இரண்டு மூச்சு நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிடுவாள். அந்த இரண்டு மூச்சுக்குள் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் கேட்கவே இல்லை.

தட்டில் மட்டும் பாதிச் சோறு மிஞ்சும். தட்டைத் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண், திருப்பினால் அதையும் சாப்பிடுவார். மூன்றாம் நாள் திருப்ப மறந்து, "ஏண்ணே பாதியோட எந்திரிச்சுட்டீங்க?" என்றேன்.

"அவ இன்னும் சாப்பிடல" என்றார்.

"அண்ணிதான் ஊர்ல இல்லையேண்ணே."

"தெரியும்" என்றார். கை கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஸ்கூட்டர் பெண் வந்தாள். காகிதத்தில் வட்டம் போட்டுக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னாள். அவர் பன்னிரண்டு எண்ணையும் வலப்பக்கமே நெருக்கி எழுதினார், பஸ்ஸில் ஒரு பக்கமே ஜனம் ஏறிய மாதிரி.

"அந்தப் பாதியில ஏன் ஒண்ணும் போடல?"

"அவ அதுல துணிச் சீட்டு எழுதுவா. எடம் வேணும்."

அந்தப் பெண் அவருடைய இடது கையைத் தூக்கி, குறுக்கே கொண்டுவந்து, அவர் வலக் கண்ணுக்கு நேரே காட்டினாள். "இது யாரு கை?"

அவர் அதை வெகு நேரம் பார்த்தார். விரல் நுனிகளில் சலவைச் சோடா தின்ற வெள்ளைத் தழும்பு. லாண்டரிக்காரர்கள் எல்லாருடைய கையிலும் இருப்பதுதான்.

"அவ கை."

"அவங்க கை எப்படி இங்க வந்துச்சு?"

"வேலை முடியலல்ல. வச்சுட்டுப் போயிருக்கா. எடுக்க வருவா."

மழை பெய்யுது என்பதுபோல்தான் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவள் குறிப்பெழுதி முடித்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். "மேடம், தேடறாரு! அண்ணியத்தான் தேடறாரு! கேட்டீங்கல்ல?"

அவள் குறிப்பேட்டைப் பைக்குள் வைத்தாள். "ஆசைப்படாதீங்க அங்கிள். வலப்பக்கம் அடிபட்ட நெறைய பேரு இப்படிச் சொல்லுவாங்க. இந்தக் கை என்னோடதுங்கற சேதி வந்து சேரல. பேச்சுப் பக்கத்துக்குத் தெரியலன்னு சொல்லவே வராது. கெடச்சத வச்சு ஒரு காரணத்தத் தச்சுக் குடுத்துடும். தட்டுல மீதி, காகிதத்துல மீதி, எல்லாத்துக்கும் ஒரு காரணம். பொய்யில்ல, அவருக்கே அது நெசம். ஆனா அதப் பாசம்னு எழுதிக்க முடியாது."

"அப்ப பாசம் இல்லைன்னு எழுதிக்கலாமா?"

"அதுவும் முடியாது" என்றாள். பிறகு, "எனக்கு இதுக்கப்புறம் வேற வீடு இல்ல. சாயங்காலம் வரைக்கும் நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அங்கிள் என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வழியெல்லாம் எனக்குள் தர்க்கம். அவர் சொன்னதை மட்டும் சொன்னால் போதும், அண்ணி அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவாள். அந்தப் பெண் சொன்னதை எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் இந்த வாய் ஏற்கெனவே ஒரு குடும்பத்தை இரண்டாக்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை முழுசாகச் சொல்லிவிடுவது, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முடிவு செய்தபோது என் நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது. ஈரத்தில் நடந்து திரும்பினேன்.

அவளுடைய அண்ணன் வீட்டுப் பின்கட்டில் அண்ணி தனியாக ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். நடு விளிம்பைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் முனைகளை எட்டிப் பிடித்து. என்னைப் பார்த்ததும் தாடையை எடுக்காமலே, "வெள்ளை மாத்திரை?" என்றாள்.

"ஆச்சு."

"தேடினாரா?"

"உக்காருங்க அண்ணி, சொல்றேன்."

தட்டைச் சொன்னேன். கடிகாரத்தைச் சொன்னேன். கையைச் சொன்னபோது விரிப்பு அவள் மடியில் விழுந்தது. தன் கையை விரித்துப் பார்த்தாள், அதில் ஏதாவது குறைகிறதா என்பதுபோல.

"என் கைன்னா சொன்னாரு?"

"ஆமா அண்ணி. ஆனா..." என்று ஆரம்பித்து மீதியையும் சொன்னேன். சேதி வராதது, காரணம் தைப்பது, பாசம் என்று எழுதிக்கொள்ள முடியாது என்றது, இல்லை என்றும் எழுதிக்கொள்ள முடியாது என்றது. ஒன்றையும் விடவில்லை. என் ஆயுளில் நான் இவ்வளவு நேரம் சிரிப்பில்லாமல் பேசியது அன்றுதான்.

அவள் மடியில் விழுந்த விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். கூரைத் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கெடச்சத வச்சுத் தைக்குமாமா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அவரு பக்கத்துல எத்தனை கை இருக்கு தம்பி? ஆஸ்பத்திரி நர்ஸம்மா கை இருக்கு. அந்தப் பொண்ணு கை இருக்கு, வாரத்துக்கு ரெண்டு நாள் புடிச்சு இழுக்குது. இத்தனை நாளா சோறு போடறது உங்க கை."

"ஆமா."

"உங்க கைன்னு சொல்லியிருக்கலாமே. மேனேஜர் வச்சுட்டுப் போனாருன்னு சொல்லியிருக்கலாம். கடிகாரத்துக்கு மை தீந்துடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். சோறு வேகலைன்னு சொல்லியிருக்கலாம்."

"அதச் சொல்லியிருந்தா நெசமாவே இருந்திருக்கும் அண்ணி."

அவள் சிரிக்கவில்லை. கேட்டாளா என்றே தெரியவில்லை. "எல்லாத்துக்கும் ஏன் என்னையே எடுத்துத் தைக்கறாரு? கையில வேற துணியே இல்லைன்னுதானே அர்த்தம்?"

எனக்கு எப்படித் தெரியும். நான் கண்ணாடி விற்கிறவன். அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாள். நல்லவேளை, அவள் அங்கே இல்லை.

அண்ணி எழுந்தாள். மடித்ததை மடித்தபடியும் மடிக்காததை மடிக்காதபடியும் வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். அவளுடைய அண்ணன் மனைவி, "டீ போட்டிருக்கேன், குடிச்சுட்டுப் போம்மா" என்றதற்கு, "ஆறட்டும்" என்று சொல்லிக்கொண்டே வாசல் இறங்கிவிட்டாள்.

நாங்கள் லாண்டரிக்குள் நுழையும்போது நாலு மணி. மழை நின்று, திறந்த கதவு வழியாக ஈர வெயில் தரையில் கிடந்தது. உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மேசை முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து கைத்துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார், வலப்பக்கம் அந்தப் பெண். அண்ணி ஒரு கணம் அந்த வலப்பக்கத்தைப் பார்த்தாள். நான் பயந்தேன். அவள் ஒரு முக்காலியை எடுத்து, சத்தமில்லாமல் அவருடைய இடப்பக்கம் போட்டு, அவர் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். "யாரு வந்தது?"

"நீங்களே பாருங்கண்ணே."

கதவைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். நேரே எதிரில் இருந்த வெந்நீர்க் கொதிகலனைப் பார்த்தார். அங்கேயே உலகம் முடிந்ததுபோல் பார்வை திரும்பிவிட்டது. அண்ணி முக்காலியின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டிருந்தாள், எழுந்துவிடாமல் தன்னையே பிடித்து வைத்திருப்பதுபோல. அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் மூச்சைக்கூட எண்ணித்தான் விட்டோம்.

மறுபடி கதவு. மறுபடி கொதிகலன். இந்தத் தடவை அங்கே நின்றார். தலை கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. வழி கேட்க ஆளில்லாத ஊரில் நடப்பவர்போல ஒவ்வோர் அடியாக நகர்ந்தது. கொதிகலனுக்கு அந்தப் பக்கம் சுவர். சுவரில் கம்பி. கம்பியில் தொங்கும் விரிப்பு. விரிப்பின் அடியில் தரை. தரையில் ஒரு முக்காலியின் கால். அங்கே ரொம்ப நேரம். பிறகு ஒரு முழங்கால், மடி, தோள். கடைசியில் முகம்.

என் வாயில் ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. நல்ல ஜோக்குதான். விழுங்கினேன்.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. குரலிலும் இல்லை.

"இவ்வளவு தூரத்துலயா வந்து உக்காந்திருக்க?" என்றார்.

இருவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"ஆமா, ரொம்ப தூரம்" என்றாள் அண்ணி. "பரவால்ல. வந்துட்டீங்கல்ல."